பாலுக்குள் பல்

டியமான்டினாவில் தெருக்கள் போவதில்லை,
இறங்குகின்றன.
கல் பாவிய சரிவு; தூறல் விழுந்தால்
கல் ஒவ்வொன்றும் சோப்புக்கட்டி.
மழலையர் பள்ளி சரிவின் கடைசியில்.
மேலே கைதவறிய எல்லாம்
அங்கேதான் வந்து சேரும்:
பந்து, ஆரஞ்சு,
சில நாள் பிள்ளைகளும்.

டாக்டர் இவோனி சொல்லச் சொல்ல
நான் எழுதுகிறேன். அதற்குத்தான் சம்பளம்.
முழங்காலோடு முழங்கால் முட்ட
எதிரெதிராய் இரண்டு நாற்காலி,
டாக்டர் மடியில் ஒரு தலை,
ஆசிரியை மடியில் உதைக்கும் கால்கள்.
"ஐம்பத்தொன்று, விளிம்பு உடைந்தது."
"அறுபத்தொன்று, நிறம் மாறியது."
சாம்பல் என்று அவர் சொல்லமாட்டார்.
நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

வயது, மாதக் கணக்கில்.
ஆணா பெண்ணா.
முன்பல் எவ்வளவு துருத்தியிருக்கிறது, மில்லிமீட்டரில்.
மேலுதடு பல்லை மூடுகிறதா?

இதைப் பிள்ளையிடம் கேட்கக் கூடாது.
கேட்டால் எல்லாரும் இறுக்கி மூடிக்கொள்வார்கள்.
ஜன்னலில் புறா வந்து உட்காரும்வரை
சும்மா இருக்க வேண்டும்.
பறவை பார்க்கும் வாய்
பொய் சொல்வதில்லை.

தயானி எங்களைக் கண்டதும்
சூப்பானைச் சட்டைக்குள் ஒளித்தாள்.
ரிப்பன் மட்டும் வெளியே தொங்கியது.
"நான்கு" என்றார் டாக்டர், அளவுகோலைப் பார்த்து.
"எனக்கும் நாலுதான்" என்றாள் அவள்,
யாரோ தன் வயதைச் சரியாகச் சொல்லிவிட்ட
சந்தோஷத்தில்.

புதன்கிழமை, ஒன்பது மணி இருக்கும்,
லுசினேயா வந்தாள்.
ஓட்டல் சமையலறை ஏப்ரனோடு,
ஒரு கையில் டேவிசோன்,
மறு கையில் டம்ளர், மேலே உள்ளங்கை மூடி.
இரண்டு பஸ் மாறி
ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்திருந்தாள்.
யாரோ போனில் சொன்னார்களாம்
பல்லைப் பாலில் போடு என்று.

பாலுக்கு அடியில் பால்பல்.
டாக்டர் கரண்டியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.
வேர் முழுசாக இருந்தது.
பெரிய பல்லானால் திரும்ப வைத்துப் பார்க்கலாம்,
பால்பல்லை வைப்பதில்லை, என்றார்.
உள்ளே இன்னொன்று வளர்ந்துகொண்டிருக்கும்,
அதற்கு அடிபட்டுவிடும்.
மெதுவாகத்தான் சொன்னார்.
மெதுவாகச் சொல்வதால்
எந்தச் செய்தியும் சின்னதாகிவிடுவதில்லை.

"அப்போ இந்தப் பாலை
என்ன செய்ய?" என்றாள் லுசினேயா.

எங்கே விழுந்தான்: வீட்டில்.
எப்படி: தடுக்கி.
மணி: ஐந்துக்குப் பத்து இருக்கையில்.
அதற்குமேல் படிவம் எதுவும் கேட்கவில்லை,
அவளாகச் சொன்னாள்.
ஞாயிறன்று சிவப்புத் தரைக்கு மெழுகு போட்டதை.
முகம் தெரியும்படி தேய்த்ததை.
விடியுமுன் வேலைக்குப் போகத்
தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கியதை.
சத்தம் கேட்டிருக்கிறது.
குளிருக்கு அவளே மாட்டிவிட்ட காலுறையோடு
"அம்மா" என்று ஓடிவந்திருக்கிறான்.
கதவு நிலையில் வாய்.

நான் பழைய கட்டைப் பிரித்தேன்.
மார்ச் மாதம், என் கையெழுத்து.
டேவிசோன், முப்பத்தெட்டு மாதம்.
ஐந்து மில்லிமீட்டர்.
உதடு மூடவில்லை.
அப்போதே தெரியும் என்பது இதற்குத்தான் பெயரா?
எழுதினோம், உறையிலிட்டோம், ஒட்டினோம்,
தலைநகரத்துக்கு அனுப்பினோம்.
இந்தச் சரிவில் ஒரு வீட்டுக் கதவையும்
தட்டவில்லை.
டாக்டரிடம் காட்டினேன்.
பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
அது சுத்தமாகத்தான் இருந்தது.

லுசினேயா பாலைத் தொட்டியில் ஊற்றினாள்.
டம்ளரை இரண்டு முறை கழுவினாள்,
பக்கத்து வீட்டு டம்ளராம்.
பல்லை ஏப்ரனில் துடைத்துப் பையில் போட்டாள்.
கூரைமேல் எறிய வேண்டும் என்று
டேவிசோன் வீங்கிய வாயால் கேட்டான்.
"எறியலாம்" என்றாள்.
பிறகு குனிந்து, அங்கேயே,
அவன் காலுறை இரண்டையும் உருவி எடுத்து
பல்லோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

வெறுங்காலோடு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு
சரிவில் ஏறிப் போனாள்.
"அடுத்தது" என்றார் டாக்டர்.
படிவத்தின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
பென்சிலால் எழுதினேன்:
மெழுகு. காலுறை. ஐந்துக்குப் பத்து.
அவர் பார்த்தார்,
அழி என்று சொல்லவில்லை.